புத்தகப் பரிமாற்றக் குழுவில் 4,800 ரூபாய் போச்சு, தயவுசெய்து உஷாரா இருங்க

4,800 ரூபாய். கூடவே எங்கப்பா சேர்த்து வைத்த ஏழு மாஸ்கோ புத்தகங்கள். இரண்டும் போய்விட்டன. இன்று மதியம் என்னைக் குழுவிலிருந்து நீக்கியும் விட்டார்கள். ஆத்திரத்தில் கை நடுங்குகிறது. ஆனாலும் இப்போதே எழுதுகிறேன், இந்த நேரத்திலும் அங்கே யாராவது பணம் கட்டிக்கொண்டு இருப்பார்கள்.

புகார் கொடுத்திருப்பதால் குழுவின் பெயரைப் போடவில்லை. நம்மிடம் இருக்கும் புத்தகத்தைப் படம் எடுத்துப் போட்டு, கேட்கிறவரோடு மாற்றிக்கொள்ளும் வாசகர் குழு. வாட்ஸ்அப்பில் தொடங்கி இப்போது தனி ஆப் வைத்திருக்கிறார்கள்.

முதல் மாற்று ஒழுங்காகத்தான் நடந்தது. சாதாரண நாவல் ஒன்றை அனுப்பினேன். பதிலுக்கு வந்ததைப் பிரித்தால், பழுப்புத்தாளில் அட்டை போட்டு, நடுப்பக்கத்தில் காய்ந்த வேப்பிலை! பூச்சி அரிக்கக் கூடாதென்று எங்கப்பாவும் அப்படித்தான் வைப்பார். அன்று ராத்திரியே அட்மின் போன் பண்ணினார். "அக்கா, புக்கு நல்லபடியா வந்துச்சா? ஓரம் எதுவும் மடங்கலையே?" புத்தகத்தின் ஓரம் மடங்கியதா என்று கேட்கிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? நம்ம ஆள் என்று நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் விலை பேசியிருக்கிறார்கள்.

முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம் என்றால் பழைய வாசகர்களுக்குத் தெரியும். தமிழிலேயே அச்சடித்து மாஸ்கோவிலிருந்து வரும், கெட்டி அட்டை, வண்ணப்படம், விலையோ கொஞ்சம்தான். எண்பதுகளில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வேன் எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா வாங்குவார். 1991இல் சோவியத் யூனியன் உடைந்த பிறகு அந்த வரத்து நின்றுபோனது. இன்று பழைய புத்தகக் கடைக்காரர்கள் வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள். சில புத்தகங்கள் என்னிடம் இரண்டு பிரதி இருந்தன. அதில் ஏழைக் கொடுத்தால், என்னிடம் இல்லாத ராதுகா படப்புத்தகங்கள் ஆறு தருவதாக ஓர் உறுப்பினர் வந்தார். அட்டைப் படங்களெல்லாம் பளிச்சென்று இருந்தன.

அப்போதுதான் அட்மின் சொன்னார், "அபூர்வ புக்குன்னா ரெண்டு பேரும் டெபாசிட் கட்டணும்க்கா, கைக்குப் போய்ச் சேர்ந்ததும் திருப்பிடுவோம்." 4,800 ரூபாய். ஜிபேயில் அனுப்பினேன். தபாலில் போடுகிறேன் என்றதற்கு, "2024 டிசம்பர்லயே குறைஞ்ச ரேட் புக் போஸ்ட்டை நிறுத்திட்டாங்கக்கா, இனி கட்டுப்படியாகாது, எங்க கூரியர் பையனே வந்து எடுத்துப்பான்" என்றார். நிறுத்தியது உண்மைதான். ஆனால் 2025 மே முதல் புத்தகத்துக்கென்றே 'ஞான் போஸ்ட்' வந்துவிட்டதைச் சொல்லவில்லை. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. ரசீதும் உண்டு, பார்சல் எங்கே போகிறது என்றும் பார்க்கலாம். அந்த ரசீது என் கையில் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பையன்.

எனக்கு வரவேண்டிய பார்சலுக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட் எண் கொடுத்தார்கள். தபால் துறைத் தளத்தில் போட்டுப் பார்த்தால் 'டெலிவரி ஆகிவிட்டது' என்று வருகிறது. எங்கே? கோயம்புத்தூரில். நான் இருப்பது தஞ்சாவூரில்! வேறு யாருடைய பார்சல் எண்ணையோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அதே அட்மின் "அக்கா" என்பதை விட்டு "மேடம்" ஆகிவிட்டார். "சிஸ்டம்ல டெலிவர்டுன்னு காட்டுது மேடம்." "ஆப்ல டிக்கெட் போடுங்க மேடம்." டிக்கெட், அதாவது ஆப்பிலேயே புகார், போட்டால் உங்கள் பொறுமைக்கு நன்றி என்று தானாக ஒரு பதில் வரும், அவ்வளவுதான். அந்த உறுப்பினரின் கணக்கே மறைந்துவிட்டது. என் டெபாசிட் 4,800ஐயாவது திருப்புங்கள் என்றேன். "டெலிவரி ஆனதால எதிர்த்தரப்புக்கு ரிலீஸ் பண்ணிட்டோம்." வராத புத்தகத்துக்கு என் பணத்தை யாருக்கு ரிலீஸ் செய்தீர்கள்? குழுவில் பொதுவில் கேட்டேன். நீக்கிவிட்டார்கள். வங்கியில் போய்க் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம், எங்களால் நிறுத்த முடியாது, சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் பண்ணுங்கள் என்கிறார்கள். பண்ணி, சைபர் கிரைம் தளத்திலும் பதிந்துவிட்டேன்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. டெபாசிட் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். நீங்களே தபால் நிலையம் போய் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முதல் புத்தகம் நன்றாக வந்ததை வைத்து இரண்டாவதை நம்பாதீர்கள். பணம் போனால் உடனே 1930, தாமதித்தால் அடுத்த கணக்குக்கு மாற்றிவிடுவார்கள். உரையாடலை முதலிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நீக்கிய பிறகு ஆப்பில் எதுவும் தெரியாது.

இன்னொன்று. அந்த ஏழு புத்தகங்களின் முதல் பக்கத்திலும் ஊதா மையில் அப்பாவின் கையெழுத்து, கீழே 'தஞ்சை, 1984'. பழைய புத்தகக் கடையிலோ வேறு குழுவிலோ விற்பனைக்கு வந்தால் வாங்காதீர்கள், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். புகாரோடு சேர்க்க வேண்டும்.