பழைய பேனா டேப்லட்டில் எந்த இயங்குதளம் நிலைக்கும்?

கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசா பக்கம், திரையில் பேனாவால் எழுதக்கூடிய பாவித்த சர்பேஸ் ப்ரோ 3, 4, திங்பேட் எக்ஸ்220, எக்ஸ்230 டேப்லட் தேடிப் போகிறவர்களில் பலர் சூமில் படிப்பிக்கும் டியூசன் ஆசிரியர்கள். உயர்தர இணைந்த கணிதத்தைக் கையால் எழுதிக் காட்ட இவை இன்னும் தாராளமாகப் போதும். ஆனால் விண்டோஸ் 10இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. மாற்று தேடும்போது எல்லாரும் முதலில் ப்ரொசெசரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பேனா எந்த வகை என்பதை.

எக்ஸ்220, எக்ஸ்230 டேப்லட்டுகளிலும் சர்பேஸ் ப்ரோ 1, 2 இலும் இருப்பது வாகொம் நிறுவனத்தின் பேனா. அதற்குள் பற்றரி கிடையாது. இதற்கான டிரைவர், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலிலேயே இருப்பதால், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை யூஎஸ்பியில் இருந்து நேரடியாக ஓடவிட்டு, வன்தட்டைத் தொடாமலே பேனாவைச் சோதித்துவிடலாம். எழுத சோர்னல்++ என்ற செயலி நல்ல தெரிவு. அதன் விருப்பங்களில் அழுத்த உணர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். திங்பேட்டில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்டால் வேகம் பற்றிய முறைப்பாடு எழாது. எஸ்எஸ்டி 7 மி.மீ. தடிப்பில் இருக்க வேண்டும், 9.5 மி.மீ. உள்ளே போகாது.

வகுப்பில் ப்ரொஜெக்டர் இணைத்ததும் பேனா ஓரிடத்தில் இருக்க, கோடு வேறிடத்தில் விழும். பேனாவின் பரப்பு இரண்டு திரைகளுக்கும் சேர்த்து விரிந்துவிடுவதே காரணம். உபுண்டுவின் வழமையான திரைச்சூழலான க்னோமின் அமைப்புகளில் வாகொம் பகுதிக்குப் போய், டேப்லட்டின் சொந்தத் திரையோடு மட்டும் பேனாவைப் பிணையுங்கள். எக்ஸ்எஃப்சிஇ போன்ற வேறு திரைச்சூழல்களில் திரையைச் சுழற்றினால் பேனாவின் அச்சு கூடவே சுழலாது. அந்த ஒரு காரணத்துக்காகவே க்னோமைப் பரிந்துரைக்கிறோம்.

சர்பேஸ் ப்ரோ 3இன் பேனா வாகொம் அல்லாத என்-ட்ரிக் என்ற வகை என்றாலும் வழமையான கேர்னலிலேயே வேலை செய்யும். ப்ரோ 4இல்தான் சிக்கல். அதில் யூஎஸ்பி சோதனையின்போது தொடுதிரையும் பேனாவும் அசையாது. பழுது என்று நினைத்துக் கைவிட வேண்டாம், லினக்ஸ்-சர்பேஸ் திட்டத்தின் கேர்னலும் ஐபிடிஎஸ்டி என்ற சேவையும் சேர்ந்தால்தான் அவை உயிர்பெறும். யூஎஸ்பி துளை ஒன்றே இருப்பதால் ஹப் ஒன்றும் கீபோர்டும் கையில் இருக்கட்டும். ஒலி குறைக்கும் பொத்தானை அழுத்தியபடி பவர் கொடுத்தால் யூஎஸ்பியில் இருந்து தொடங்கும். நம்பகமான கேர்னலை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் பாதுகாப்புக்கான சாவிப் பொதியை நிறுவி மறுதொடக்கம் செய்யும்போது, சாவியை உறுதிப்படுத்தக் கேட்டு வரும் நீலத் திரையைத் தவறவிட்டால் புதிய கேர்னல் ஏறாது. பழைய கேர்னலில் நுழைந்து அந்தப் பொதியை மறுபடி நிறுவ வேண்டும். இன்னொன்று: உபுண்டு தன் சொந்தக் கேர்னலைப் புதுப்பித்ததும், எந்தக் கேர்னலில் தொடங்குவது என்று தெரிவுசெய்யும் க்ரப் அதையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். நேற்று எழுதிய பேனா இன்று எழுதாமல் போனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மைக்ரோசொஃப்டின் குறிப்பேட்டுச் செயலியான ஒன்நோட்டை விட முடியாதவர்களுக்கு ப்ரோ 4இல் விண்டோஸ் 10ஐயே வைத்திருப்பது எங்கள் தெரிவு. 22எச்2 பதிப்பில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீடித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். மைக்ரோசொஃப்ட் கணக்கு வேண்டும். அமைப்புகளை மேகத்தில் காப்பெடுக்கச் சம்மதித்தால் பணம் கட்டத் தேவையில்லை.

நிறுவல் யூஎஸ்பி தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் மூலம் வன்பொருள் நிபந்தனைகளைத் தவிர்த்து விண்டோஸ் 11ஐயும் ஏற்றலாம். பேனா நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி நீங்களே மீண்டும் ஏற்ற வேண்டும். விண்டோஸ் 10இன் டேப்லட் மோட் அதில் இல்லை, கையால் எழுதும் சமன்பாடுகளை அடையாளம் காணும், கணித ஆசிரியர்களுக்குப் பழக்கமான மெத் இன்புட் பெனலும் நீக்கப்பட்டுவிட்டது. 4 ஜிபி ரேம் உள்ள சர்பேஸில் இதை முயலவே வேண்டாம். ரேம் போர்டில் ஒட்டியே வருவதால் பிறகு கூட்டவும் முடியாது.

எந்த வழியில் போனாலும் முதலில் மைக்ரோசொஃப்ட் தளத்தில் தொடரிலக்கத்தைக் கொடுத்து சர்பேஸின் மீட்பு இமேஜை இறக்கி, 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட யூஎஸ்பியில் வைத்துக்கொள்ளுங்கள். திரையின் ஓரம் மேலெழும்பி இருந்தால் பற்றரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் தொடுதிரை காட்டும் கோளாறை எந்த இயங்குதளமும் தீர்க்காது. பசை போட்டு ஒட்டிய திரையைச் சூடாக்கித்தான் கழற்ற வேண்டும் என்பதால், பற்றரி மாற்றும் செலவைக் கேட்டறிந்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.