117 நிமிடமா, 139 நிமிடமா? 'பெட்நாப்ஸ் அண்ட் புரூம்ஸ்டிக்ஸ்' வட்டுகள்

டிஸ்னியின் மாயாஜால இசைப்படமான 'பெட்நாப்ஸ் அண்ட் புரூம்ஸ்டிக்ஸ்' (1971) படத்தை வட்டில் வாங்க நினைப்பவர்கள், முதலில் பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் நிமிடக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். டிவிடியில் 139 நிமிடம், புளூரேயில் 117 நிமிடம். பழைய படம் புதிய வடிவத்துக்கு மாறும்போது பொதுவாகக் கூடுதலாகத்தான் ஏதாவது கிடைக்கும். இங்கே புதிய வட்டில் 22 நிமிடம் குறைகிறது.

காரணம் படத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. இயக்குநர் ராபர்ட் ஸ்டீவன்சன் முடித்துக் கொடுத்த வடிவம் ஏறத்தாழ 140 நிமிடம். நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் படத்தோடு மேடை நிகழ்ச்சியும் உண்டு என்பதால், கால அளவுக்குள் அடங்க 117 நிமிடமாக வெட்டினார்கள். 1979 மறுவெளியீட்டில் இன்னும் இருபது நிமிடம் போனது. இரண்டு பாடல்கள்தான் மிஞ்சின. 25ஆம் ஆண்டையொட்டி 1996இல், வெட்டியெறிந்த படச்சுருள்களைத் தேடிப் பிடித்து 139 நிமிட வடிவத்தை மீட்டார்கள். 2001இல் வந்த டிவிடியிலும் 2009இல் வந்த டிவிடியிலும் இருப்பது அதுதான். 2014இன் புளூரே, திரையரங்கில் ஓடிய 117 நிமிடத்துக்கே திரும்பிவிட்டது.

நீளமானதே முழுமையானது என்று எண்ணித்தான் நானும் டிவிடியைப் பார்க்க உட்கார்ந்தேன். சிக்கல் குரலில் வந்தது. மீட்கப்பட்ட சில காட்சிகளுக்குப் படம் கிடைத்ததே தவிர, வசன ஒலி கிடைக்கவில்லை. நாயகி மிஸ் பிரைஸாக நடித்த ஏஞ்சலா லான்ஸ்பரியும், பாதிரியாராக வரும் ராடி மெக்டவாலும் தங்கள் வசனங்களைத் தாங்களே மீண்டும் பேசிக் கொடுத்தார்கள். போலி மந்திரவாதி எமிலியஸ் பிரவுனாக நடித்த டேவிட் டாம்லின்சன் அப்போது உயிருடன் இருந்தார். ஆனால் உடல்நலம் குன்றியிருந்ததால் அவருக்கு இரவல் குரல் கொடுக்க வேண்டியதாயிற்று. கெட்டிக்காரத்தனமும் கோழைத்தனமும் கலந்த அந்தக் குரல்தான் பிரவுன். ஒரு காட்சியில் அவர் பேசுகிறார், அடுத்ததில் அவர் முகத்தை வைத்துக்கொண்டு வேறொருவர் பேசுகிறார். உதட்டசைவும் பல இடங்களில் ஒட்டவில்லை. ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் காது அதையே தேடிக்கொண்டிருக்கும்.

அப்படியென்றால் டிவிடியைத் தள்ளிவிடலாமா? மாட்டேன். அதில் 'நோபடீஸ் பிராப்ளம்ஸ்' என்ற பாடல் இருக்கிறது. படம் வெளிவருவதற்கு முன்பே வெட்டப்பட்டதால், பியானோ மட்டும் துணையிருக்க லான்ஸ்பரி பாடிய மாதிரிப் பதிவுதான் எஞ்சியிருந்தது. வாத்திய இசையை மீட்பின்போதுதான் எழுதிச் சேர்த்தார்கள். கால் நூற்றாண்டு இடைவெளியில் பதிவான குரலும் இசையும் இழை பிசகாமல் சேர்ந்திருக்கின்றன. ஒண்டியாக வாழப் பழகிய மிஸ் பிரைஸ், தன் வீட்டுக்குள் வந்தவர்கள்மீது பாசம் வைத்துவிட்டதை இந்தப் பாடலில்தான் நான் முழுதாக உணர்ந்தேன். 'போர்ட்டோபெல்லோ ரோடு' சந்தைக் காட்சியும் டிவிடியில்தான் தன் முழு அகலத்துக்கு விரிகிறது. பிரிட்டிஷ் பேரரசின் பல மூலைகளிலிருந்து வந்த சிப்பாய்கள் தத்தம் பாணியில் ஆடும் அந்தக் களிப்பு, குறுக்கிய வடிவத்தில் தொடங்கியதும் முடிந்துவிடுகிறது. பெயர்ப் பட்டியலில் மூன்றாவதாக வரும் மெக்டவால், 117 நிமிடத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அவருடைய பாதிரியார் பாத்திரம் எதற்கு என்பதே நீண்ட வடிவத்தில்தான் விளங்கும்.

புளூரேயின் பலம், எதிர்பார்த்தபடியே, வரைந்த விலங்குகள் வாழும் நபூம்பு தீவு. நடிகர்களைக் கேலிச்சித்திர விலங்குகளோடு ஒட்டவைக்க டிஸ்னி அப்போது சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைப் பயன்படுத்தியது. அந்த ஒளியில் நனைந்த திரைக்கு முன் நடிகர் நிற்பார். கேமராவுக்குள் இருக்கும் முப்பட்டகம் மஞ்சளை மட்டும் பிரித்து வேறொரு சுருளுக்கு அனுப்பும். அதைக் கொண்டு நடிகரின் உருவத்தைத் துல்லியமாகக் கத்தரித்து, வரைந்த உலகத்துக்குள் வைத்துவிடலாம். சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரை இந்தப் படம் வென்றது. டிவிடியின் 480 வரிகளில் மங்கித் தெரியும் அந்தக் கைவேலை, 1080 வரிகளில் நன்றாகவே புலப்படும். விலங்குகளின் கால்பந்து ஆட்டத்தையும், 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்கென்று எழுதி இங்கே வந்துசேர்ந்த 'பியூட்டிஃபுல் பிரைனி' கடலடிப் பாடலையும் பார்க்க அதுவே ஏற்றது. பிரவுனும் கடைசிவரை டாம்லின்சனின் குரலிலேயே பேசுகிறார்.

விடுபட்ட காட்சிகள் புளூரேயின் இணைப்புப் பகுதியில் துண்டுகளாக இருக்கின்றன. அது எனக்குப் போதவில்லை. பாட்டு கதைக்குள் வரும்போது பிடிக்கும் உயிர், தனித் துண்டாகப் பார்க்கையில் பிடிப்பதில்லை. இரண்டு வடிவங்களையும் ஒரே வட்டில் கொடுத்திருக்க வேண்டும். அத்தனை பாடுபட்டு மீட்டதைக் கைவிட்டது தவறு என்றே சொல்வேன்.

முதன்முறை பார்ப்பவருக்கு, அதிலும் குழந்தைகளோடு பார்ப்பவருக்கு, புளூரே. படத்தை ஏற்கெனவே நேசிப்பவர்கள் 2009 டிவிடியையும் தேடி வாங்குங்கள். டிவிடிகள் உலகின் இன்ன மண்டலத்து பிளேயரில்தான் ஓடும் என்று பூட்டப்பட்டவை; அமெரிக்கப் பதிப்பு மண்டலம் 1க்கு உரியது, இந்தியா மண்டலம் 5. உங்கள் பிளேயர் எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்குமா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.