ரெக்ஸின்ல அடிச்ச பெயிண்ட் தூசிக்கு க்ளே பார்: 5க்கு 4

வீட்ல அப்பா ஓட்டின 1984 பிரீமியர் பத்மினி நிக்குது, வெளிய மட்டும் க்ரீம் கலர் அடிக்கச் சொல்லி ஒரு பட்டறைல விட்டேன். திரும்பி வந்தப்ப பாடி என்னமோ பளபளன்னுதான் இருந்துச்சு, கதவைத் தொறந்தா உள்பக்கத்து மெரூன் ரெக்ஸின் டோர் பேட் பூரா மாவு தூவின மாதிரி க்ரீம் புள்ளி, தடவினா உப்புத்தாள் மாதிரி சொரசொரங்குது. உள்ள பேப்பர் ஒட்டாமலே ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க. பட்டறைக்காரர்கிட்ட கேட்டா "தின்னர் போட்டு தொடைங்க சார், போயிரும்"ங்கிறாரு.

சீட்டுக்கு அடியில கண்ணுல படாத ஓரமா கொஞ்சம் தொட்டுப் பாத்தேன், நல்லவேளை. பஞ்சுல மெரூன்தான் வந்துச்சு, அந்த இடம் பிசுபிசுத்து, காஞ்சப்புறம் வெறச்சுப்போச்சு. ரெக்ஸின்னா துணி மேல பூசின பிவிசிதானே, அது மெத்துன்னு இருக்கறதே உள்ள இருக்க பிளாஸ்டிசைசராலதான், தின்னர் அதையும் இழுத்துரும், வெடிப்பு விட ஆரம்பிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர்ல அசிட்டோன் இருந்தா அதே கதைதான். இதுல இவங்க அடிச்சது ஹார்ட்னர் கலந்த 2கே பெயிண்ட் வேற, அது நல்லா எறுகிட்டா தின்னருக்கு லேசுல அசையாது, பெயிண்ட் போறதுக்குள்ள ரெக்ஸின் போயிரும்.

அப்புறம்தான் 100 கிராம் க்ளே பார் ஒண்ணு வாங்கினேன், காரு பெயிண்ட் மேல ஒட்டின அழுக்கை எடுக்கத் தேய்க்கிறாங்களே, களிமண்ணு மாதிரி பெசையற கட்டி, அதுதான். தூரத்துலேர்ந்து பறந்து வர்ற துளி காத்துலயே பாதி காஞ்சுதான் வந்து ஒக்காரும், ஆழமா புடிக்காது, அதனால க்ளே அதைக் கவ்வி எடுத்துருது. வெந்நில போட்டு பெசஞ்சு, ஷாம்பூ தண்ணி நெறைய அடிச்சு, அழுத்தாம முன்னயும் பின்னயும் இழுத்தா போதும், சொரசொரப்பு அடங்குறது கைக்கே தெரியும். தண்ணி கம்மியாச்சுன்னா க்ளே ரெக்ஸின்லயே ஒட்டிக்கும், பாத்துக்கோங்க. ஒரு டோர் பேடுக்கு முக்கா மணி நேரம் ஆச்சு, முதுகு கழண்டுருச்சு.

குறைன்னு பாத்தா தையல் ஓரமும், விளிம்புல கயிறு மாதிரி உருட்டித் தைச்சிருக்க பைப்பிங்கும்தான். அங்க க்ளே நொழையாது, நொழைஞ்சா வெளிய வராது! ரெண்டையும் பல்குத்தும் குச்சியாலதான் நோண்டி எடுத்தேன். மேஜிக் ஸ்பான்ஜும் ஒரு தடவை போட்டுப் பாத்தேன், புள்ளி போச்சு, கூடவே ஷைனும் போச்சு, அது ஒரு நைஸ் உப்புத்தாள் மாதிரிதான், பளபள ரெக்ஸினுக்கு வேணாம்.

கைப்பிடிகிட்ட கெட்டியா சொட்டின ரெண்டு எடம் மட்டும் இதுக்கு அசையல, விட்டுட்டேன். இந்த க்ளே கட்டியை தூக்கிப் போட்டுட்டேன், பெயிண்ட் தூசி பூரா அதுலதான் ஒட்டியிருக்கு, பாடில தேச்சா புது பெயிண்ட்ல கோடு விழும். பாடிக்கு வேணும்னா தனியா ஒண்ணு வாங்கிக்கோங்க.