வேன் வருகிறது, கேட்டைத் திறப்பது யார்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: அம்மாவுக்கு 83 வயது, தனியாக இருக்கிறார், வீடு தேடி வரும் சாப்பாட்டுச் சேவையில் சேர்த்துவிடலாமா? அதே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மூன்று வருஷமாக இதைப் பயன்படுத்தும் வீட்டிலிருந்து பதில் சொல்கிறேன். வாரம் ஐந்து நாள் மதியச் சாப்பாடு, திங்கள் காலையில் ஒரு போன், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சமூகப் பணியாளர். இதையெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். கேட்டைப் பற்றித்தான் சொல்ல மாட்டார்கள்.

வேன்காரர் ஹார்ன் அடித்துவிட்டு மிஞ்சிப் போனால் இரண்டு நிமிஷம் நிற்பார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். உட்கார்ந்து நிதானிக்கவே ஒரு நிமிஷம் வேண்டும். அப்புறம் வாக்கர், முன்கதவு, திருடனுக்குப் பயந்து போட்ட இரும்புக் கம்பிக் கதவான பர்க்லர் கேட்டின் பூட்டு. மேட்டில் கட்டின வீடு என்றால் தெரு வரைக்கும் படி வேறு. ஐந்து நிமிஷத்துக்குக் குறையாது. அதற்குள் வேன் போயிருக்கும், டப்பா கேட் கம்பியில் தொங்கும். இங்கே கோடையான பிப்ரவரி வெயிலில் அதை நம்பாதீர்கள். 60 டிகிரிக்குக் கீழே ஆறிய சோற்றில் கிருமி பெருகும்; அது கக்கும் நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. இரண்டு மணி நேரம் தாண்டினால் கொட்ட வேண்டியதுதான்.

இன்சுலின் போடுகிறவர் என்றால் இன்னும் மோசம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடும் ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்து, வேன் தவறிவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். டப்பா கைக்கு வந்த பிறகே ஊசி, அரை மணி கழித்துச் சாப்பாடு: இந்த முறை சரிப்படுமா என்று கிளினிக் நர்ஸிடம் கேட்டு வையுங்கள். கட்டில் பக்கத்தில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையும் ஒரு கப் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

கேட்டுக்கு மோட்டார் போட்டு ரிமோட்டைக் கையில் கொடுப்பது நல்ல யோசனைதான், கரண்ட் இருக்கிற வரைக்கும். உள்ளே இருப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரி. லோட்ஷெடிங் என்கிற முறை வைத்த மின்வெட்டோ கேபிள் திருட்டோ, சார்ஜ் முழுசாக இறங்கி இறங்கி ஏறினால் அந்த லெட் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். கேட் மெதுவாக நகர ஆரம்பித்தாலே மாற்றிவிடுங்கள். உண்மையில் கை கொடுத்தது காசில்லாத வைத்தியம்: முந்தின வீட்டில் நிற்கும்போது வேன்காரர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பது. ஆனால் ஓட்டுநர் மாறினால் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும். அதற்காக ‘வயதானவர், தனியாக இருக்கிறார், காத்திருக்கவும்’ என்று கேட்டில் எழுதி ஒட்டிவிடாதீர்கள். திருடனுக்கும் படிக்கத் தெரியும்.

எதிர்பாராத சந்தோஷம் அந்தச் சமூகப் பணியாளர். வந்ததும் மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்து எண்ணுவார்; மிச்சம் அதிகமாக இருந்தால் எந்த வேளை விட்டுப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அரசு உதவித்தொகைகளைக் கொடுக்கும் நிறுவனமான சாசாவின் துணையாள் உதவித்தொகையைச் சொன்னதும் அவர்தான். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவருக்கு முழுநேரமும் இன்னொருவர் துணை தேவை என்று மருத்துவப் பரிசோதனையில் உறுதியானால், 2025 ஏப்ரல் கணக்குப்படி மாதம் 560 ராண்ட் கூடுதல். தானாக வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அரசு மானியத்தில் நடக்கும் இல்லத்தில் இருப்பவருக்குக் கிடையாது.

சாப்பாடு? உப்பு குறைச்சல், பீன்ஸ் கறி பரவாயில்லை. புரட்டாசிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே போன் பண்ணிச் சொல்லுங்கள். இல்லையென்றால் சிக்கன் கறி வரும், கோபத்தில் பட்டினி கிடப்பார்கள்.

இந்த வாரம் மட்டும் இரண்டு நாள் டப்பா கம்பியில் தொங்கியது. மார்க் கேட்டால் பத்துக்கு நாலு. ஆனாலும் சேர்த்துவிடுங்கள் அக்கா. அதற்கு முன்னால் அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, ஹார்ன் அடித்ததாகச் சொல்லி, கேட்டுக்கு வர எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள்.