275 ரூபாய் பாலிசி: வெளிநாடு போகிறவர் வீட்டில் இருக்க வேண்டிய காகிதம்

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த இன்சூரன்ஸ் பாலிசி இது. பெயர் பிரவாசி பாரதிய பீமா யோஜனா. 2 வருஷத்துக்கு 275 ரூபாய், 3 வருஷத்துக்கு 375 ரூபாய். பத்தாவது பாஸ் பண்ணாதவர்களுக்குப் பொதுவாகக் கிடைப்பது இ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது வேலைக்கு வெளிநாடு போகுமுன் அரசு சரிபார்க்க வேண்டும் என்ற குறிப்புள்ள பாஸ்போர்ட். அதை வைத்துக்கொண்டு சவுதி, அமீரகம், கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன், மலேசியா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் கிளியரன்ஸ், அதாவது மத்திய அரசின் அனுமதி, வாங்க வேண்டும். இந்தப் பாலிசி இல்லாமல் கிளியரன்ஸ் கிடையாது. அதனால் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரி வட்டாரத்தில் இதை எடுத்தவர்கள் ஏராளம். எடுத்திருக்கிறோம் என்று தெரிந்தவர்கள்தான் குறைவு.

நான் வள்ளியூரில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் நகல், விசா, வேலை ஒப்பந்தம் என்று வளைகுடா சம்பந்தமான காகிதம் தினமும் என் மேசைக்கு வரும். என் வீட்டுக்காரரும் சவுதியில் தம்மாமில் சாரம் கட்டுகிற வேலை பார்த்துத் திரும்பியவர்தான். அடகில் இருந்த நகை மீண்டது, நாத்தனார் கல்யாணம் நடந்தது, ஓட்டு வீட்டை இடித்துக் காங்கிரீட் வீடு கட்டினோம், மகள் இன்ஜினியரிங் முடித்தாள். எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். மானாவாரி நிலத்தையும் பனையையும் நம்பி இருக்கிற ஊரில் வேறு எந்த வேலை பார்த்து இத்தனையும் நடத்துவது?

போவது நம் சீமைக்குப் புதுசும் இல்லை. என் தாத்தா தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போய்க் கடையில் நின்றவர். கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூரில் ஒரு தெருவுக்கே ஊர்ப் பெயர் நிலைக்கிற அளவுக்கு வேர் விட்டவர்கள். ஆகவே போகாதே என்று யாரையும் நான் தடுக்க மாட்டேன். எதையெல்லாம் பணயம் வைத்துப் போகிறோம் என்று தெரிந்து போங்கள் என்பேன். அதைத் தெரிந்துகொள்ள இந்தப் பாலிசியை வரி வரியாகப் படித்தாலே போதும். வெளிநாட்டு வேலையில் என்னென்ன கெடலாம் என்று இவ்வளவு நேராகச் சொல்கிற வேறு அரசுக் காகிதத்தை நான் பார்த்ததில்லை.

விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். அப்படி இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு தனி. காயம்பட்டோ உடம்புக்கு முடியாமலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 1 லட்சம் வரை, ஒரு தடவைக்கு 50,000 வரை. போய் இறங்கினால் கூப்பிட ஆள் வரவில்லை, ஒப்பந்தத்தை மாற்றிவிட்டார்கள், தன் மேல் தப்பில்லாமல் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றால் ஊர் திரும்ப விமானக் கட்டணம். வேலை சம்பந்தமான வழக்குக்கு 45,000. பெண்களுக்குப் பிரசவச் செலவும் உண்டு. வள்ளியூரில் நாலு பேர் ஓட்டலில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டால் 275 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். அந்த விலைக்கு இது மலிவு, அதில் சந்தேகமே இல்லை.

நான் மனதார மெச்சுகிற அம்சம் ஒன்று உண்டு. போன இடத்தில் முதலாளி மாறினாலும் வேலை பார்க்கிற ஊர் மாறினாலும் 10 லட்சத்துக்கான பாதுகாப்பு செல்லும். விபத்து நடந்தது என்று இந்தியத் தூதரகம் சான்று கொடுத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை ஏற்றாக வேண்டும். அரபு நாட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் லேபர் கோர்ட்டுக்கும் நம் ஊரிலிருந்து யார் போய் அலைவது? அந்த விதத்தில் இதை எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நடப்பில் எப்படி என்று கேட்டால், திசையன்விளைப் பக்கத்துக் கிராமத்துத் தம்பி ஒருவர் கதையைச் சொல்ல வேண்டும். சவுதியில் லாரி மோதி இறந்துபோனார். அவர் மனைவி கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து, "யக்கா, அவங்களுக்கு ஏதோ இன்சூரன்ஸ் இருக்காம். ரூம்ல உள்ளவங்க சொல்லுதாங்க" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். வீட்டில் நகல் இல்லை. அனுப்பிவைத்த ஏஜெண்டைப் பிடித்து, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃபை என் கம்ப்யூட்டரில் திறந்தோம். தொடர்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் ஏஜெண்டின் செல் நம்பர். மின்னஞ்சலும் அவருடையதே. நாமினி என்ற கட்டத்தில் தம்பியின் அம்மா பெயர். முதல் தடவை போகும்போது எடுத்த மூன்று வருஷப் பாலிசி அது. இடையில் லீவில் வந்து கல்யாணம் முடித்துவிட்டுப் போயிருக்கிறார். நாமினியை மாற்ற வேண்டும் என்று அவருக்குச் சொல்வார் யாரும் இல்லை.

அப்புறம் அலைச்சல் தொடங்கியது. இறப்புச் சான்றிதழ் அரபியில் வந்தது, அதை மொழிபெயர்க்க வேண்டும். தூதரகச் சான்று வர வேண்டும். பாஸ்போர்ட் நகலில் ஒரு மாதிரி, பாலிசியில் ஒரு மாதிரி பெயர் இருந்தது. மாமியாரின் பாஸ்புக்கிலோ மூன்றாவதாக ஓர் எழுத்துக் கூட்டல். அதற்கு ஒரு கடிதம், அதற்கு மேல் ஒரு கடிதம். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுவும் கொடுத்தார்கள். அலைய வைத்தார்களே தவிர, பணம் வந்தது. முழு 10 லட்சமும் வந்தது. மாமியார் தங்கமான மனுஷி. தம்பி வெளிநாடு போக வாங்கிய கடனை அடைத்துவிட்டு, மீதியைப் பேரன் பெயரில் போட்டுவிட்டார். அது அந்த அம்மாவின் நல்ல குணத்தால் நடந்தது. மருமகளும் மாமியாரும் முகம் பார்க்காத வீடாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளை கதி என்ன?

ராதாபுரம் பக்கம் இன்னொரு குடும்பம். அண்ணாச்சிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. குவைத்தில் வேலை முடித்து ராத்திரி படுத்தவர் காலையில் எழும்பவில்லை. மாரடைப்பு என்று சான்றிதழ் வந்தது. அவருடைய பாலிசியும் நடப்பில்தான் இருந்தது. ஆனால் 10 லட்சம் விபத்துக்கு மட்டும்தான். இயற்கை மரணம் என்று காகிதத்தில் விழுந்துவிட்டால் ஒன்றும் இல்லை. இந்த மாதிரி வசதியில்லாத குடும்பங்களுக்குத் தூதரகங்களில் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று 2009-லிருந்து இருக்கிறது. அதில் உதவி கேட்டு, திருவனந்தபுரத்துக்கு உடல் வந்து சேர்ந்தது. அந்த அக்காவுக்கு நான் பாலிசியைப் படித்துக் காட்டி, இதில் வராது அக்கா என்று சொல்ல வேண்டியிருந்தது. திருப்பித் திருப்பி அவர் கேட்டது ஒன்றுதான்: "அவுக அங்க போகாம இருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

நியாயமான கேள்வி. சவுதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வெயில் ஆளைச் சாய்க்கும் என்பது அங்குள்ள அரசுக்கே தெரிந்த சங்கதி. அப்படிப்பட்ட வெயிலில் வருஷக்கணக்கில் நின்று, ஒரே அறையில் பத்துப் பேரோடு அரைத் தூக்கம் தூங்கி, ஊரில் கட்ட வேண்டிய வட்டியை நினைத்துக்கொண்டே டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போட்டவரின் மாரடைப்பை இயற்கை என்று எழுதி முடித்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. இந்தப் பாலிசியின் பெரிய ஓட்டை இதுதான். பிரீமியத்தை இன்னும் இருநூறு ரூபாய் கூட்டினாலும் பரவாயில்லை, இயற்கை மரணத்துக்கும் ஒரு தொகை வைக்க வேண்டும்.

தொகையும் பழசாகிவிட்டது. 2003-இல் திட்டம் வந்தபோது 2 லட்சம். 2006-இல் 5 லட்சம், 2008-இல் 10 லட்சம். அதோடு நின்றுவிட்டது. 2008-இல் அந்தப் பணத்துக்குச் சுமார் நூறு பவுன் வாங்கியிருக்கலாம். இன்றைய பவுன் விலையை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்குச் செலவுக்கான 45,000-உம் அப்படித்தான். சவுதிக் காசில் ஏறத்தாழ இரண்டாயிரம் ரியால். அதை வைத்துக்கொண்டு அங்கே வக்கீல் வைத்துச் சம்பளப் பாக்கிக்கு வழக்கு நடத்த முடியாது. சம்பளப் பாக்கியையே இந்தப் பாலிசி கண்டுகொள்ளவில்லை. நம் ஆட்கள் அங்கே அதிகம் மாட்டுவது அதில்தான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, இந்தப் பாலிசியே எடுக்காமல் போகிறவர்கள். என் சித்தி மகன் அப்படிப் போனவன். எட்டாவதோடு நின்றவன், இ.சி.ஆர். பாஸ்போர்ட். ஊருக்கே தெரிந்த ஓர் ஏஜெண்ட், "கிளியரன்ஸுக்கு அலைஞ்சா லேட்டாகும் தம்பி, விசிட் விசால போயிரு, அங்க மாத்திக்கலாம்" என்று லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு அனுப்பினார். விசிட் விசாவில் போனால் கிளியரன்ஸ் இல்லை, கிளியரன்ஸ் இல்லையென்றால் பாலிசியும் இல்லை. போன இடத்தில் வேலை வாங்கினார்கள், சம்பளம் கொடுக்கவில்லை. எங்கே போய்ச் சொல்வது? அவன் அங்கே வேலை பார்ப்பதே சட்டப்படி தப்பு. கடைசியில் அங்கிருந்த நம் ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டிக்கெட் எடுத்து அனுப்பினார்கள். சித்தி அந்தக் கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிறாள். சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். பதிவு பெற்றவர் யார் யார் என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பட்டியல் இருக்கிறது. என் கடைக்கு வந்தால் காசு வாங்காமல் பார்த்துச் சொல்கிறேன். பட்டியலில் பெயர் இல்லாத ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

எந்தப் பாலிசியிலும் எழுத முடியாத நஷ்டங்களும் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போது சர்க்கரையும் பிரஷரும் கூடவே வந்தன. வேலையை முடித்துக் கிளம்பும்போது, சவுதி சட்டப்படி முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அதைக் கொடுத்தார்கள், ஒழுங்காகவே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் வருகிற பென்ஷன் என்று எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்த புதிதில் அவர் ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து மகளுக்கு எந்தக் கல்லூரி என்பது வரை என் முகத்தைப் பார்த்தார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. இந்த வீட்டுக்காக உழைத்த மனிதர், இந்த வீட்டில் ஒரு நடைமுறை தெரியாமல் நின்றார்.

அதே சமயம் இதையும் சொல்லியாக வேண்டும். அவர் போனதால்தான் நான் பாங்கிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் தனியாகப் போகப் பழகினேன். வீட்டு வேலை நடக்கும்போது கொத்தனாரிடம் கணக்குக் கேட்டது நான்தான். இந்தக் கடையும் அப்படிப் பிறந்ததுதான். எங்கள் தெருவில் இப்படிப் பல பெண்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் கட்டிய வீடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன, இது அவ்வளவாகத் தெரிவதில்லை.

சரி, பாலிசிக்கு வருவோம். கட்டாயம் எடுக்க வேண்டியதுதான். ஆனால் கிளியரன்ஸுக்கு வேண்டிய ஒரு நம்பராக நினைத்து எடுக்காதீர்கள். விண்ணப்பத்தில் உங்கள் செல் நம்பரும் வீட்டு நம்பரும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், ஏஜெண்ட் நம்பர் வேண்டாம். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். நகல் ஒன்று வீட்டுப் பீரோவில், ஒன்று மனைவி செல்போனில். இரண்டோ மூன்றோ வருஷம் கழித்து ஒப்பந்தம் நீளும், பாலிசி நீளாது. முதல் பாலிசியை ஏஜெண்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார், இரண்டாவதை எடுக்க ஆள் இல்லாமல் எத்தனையோ பேர் பாதுகாப்பே இல்லாமல் அங்கே வேலை பார்க்கிறார்கள். அங்கிருந்தபடியே இணையத்தில் புதுப்பிக்கலாம். லீவில் வந்து கல்யாணம் முடிக்கிற தம்பிமார், நாமினி பெயரை மாற்றச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, அதற்கு ஒப்புகை வாங்கிய பிறகு விமானம் ஏறுங்கள்.