அஃபிலியேட் கமிஷனை எந்த வழியில் வாங்குவது? குலசேகரத்தில் இருந்து நான்கு வருட அனுபவம்

ரப்பர் ஷீட் விற்கப் போனால் அப்பா கடைக்காரரிடம் முதலில் கேட்பது கழிவு எவ்வளவு என்றுதான். அன்றைய விலை எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஈரம் இருக்கிறது, புகை சரியாகப் பிடிக்கவில்லை என்று எடையில் எவ்வளவு கழிப்பார்கள் என்பது கடைக்குக் கடை மாறும், கைக்கு வரும் காசு அங்கேதான் முடிவாகிறது. அஃபிலியேட் வேலையில், அதாவது நாம் கொடுக்கும் லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் கம்பெனி நமக்குக் கமிஷன் தரும் வேலையில், நான்கு வருடம் ஓட்டிய பிறகு எனக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. எந்தக் கம்பெனி எத்தனை சதவீதம் தருகிறது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தப் பணம் எந்த வழியாக நம் பாஸ்புக்குக்கு வருகிறது, வழியில் யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் நானே பயன்படுத்திப் பார்த்த வழிகளைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன் தலையில் கட்டிக்கொண்டு போகும் ஹெட்லைட், புல் வெட்டும் மெஷின், மழைக்கோட்டு, தேனீப் பெட்டி திறக்கும்போது போடும் கையுறை, இப்படிப்பட்ட சாமான்களை வாங்கி ஒரு மாதமாவது தோட்டத்தில் பயன்படுத்திப் பார்த்து வீடியோ போடுவேன், கீழே லிங்க் இருக்கும். இது ரூபாயில் வரும் வருமானம். அப்புறம் சின்னக் கடைகளும் ஹோம்ஸ்டேக்களும் வெப்சைட் அமைப்பது பற்றி இங்கிலீஷில் எழுதுகிறேன், அதில் வெப்சைட்டை வைக்க இணையத்தில் இடம் தரும் வெளிநாட்டு ஹோஸ்டிங் கம்பெனிகளின் கமிஷன் டாலரில் வரும். இரண்டுக்கும் வழி வேறு, கழிவும் வேறு.

ரூபாய் பக்கம் பெரிய சிக்கல் இல்லை. அமேசான் இந்தியாவின் அசோசியேட்ஸ் திட்டத்தில் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வாங்கலாம், கிஃப்ட் கார்டாகவும் வாங்கலாம். நான் ஆரம்பத்தில் கிஃப்ட் கார்டு வைத்திருந்தேன், எப்படியும் அடுத்த வீடியோவுக்குச் சாமான் வாங்கத்தானே போகிறோம் என்று. முதல் ஆறு மாதம் அது நன்றாகவே இருந்தது. ஆனால் கார்டில் இருக்கும் பணத்தைக் கொண்டு கரண்ட் பில் கட்டலாம், கடையில் அரிசி வாங்க முடியாது, டாக்டரிடம் கொடுக்க முடியாது, ஒரு வருடத்துக்குள் செலவும் செய்ய வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதுவும் வருமானம்தான், ரொக்கமாக வரவில்லை என்பதற்காக விட்டுவிட முடியாது. அம்மாவுக்கு ஒரு முறை அவசரமாகப் பணம் தேவைப்பட்டபோது என் வருமானம் முழுக்கக் கார்டுக்குள் கிடந்தது. அடுத்த நாளே வங்கிக்கு மாற்றிவிட்டேன். 1000 ரூபாய் சேர்ந்ததும் நெஃப்டில் வந்துவிடும், வரும் பணத்துக்கு வங்கி எதுவும் பிடிப்பதில்லை. அதற்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

ஒரு விஷயத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பாதித்த மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் பணம் வரும், ஏனென்றால் வாங்கினவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் நம் கமிஷனும் போய்விடும். எங்கள் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் மரம் இலை உதிர்க்கும், வெட்டு நிற்கும், மறுபடி வெட்டுத் தொடங்கும் மார்ச்சில் ஹெட்லைட் நன்றாகப் போகும். அந்தப் பணம் மே கடைசியில் கைக்கு வருகிறது, ஜூனில் தங்கச்சி மகனின் ஸ்கூல் ஃபீஸுக்குச் சரியாக இருக்கிறது. மழைக்காலத்தில் வெட்டு இல்லாத மாதங்களில் விற்பனையும் படுக்கும், அது ஆகஸ்ட், செப்டம்பரில் தெரியும். இந்த இடைவெளி தெரியாமல் மார்ச்சில் நல்ல விற்பனை என்று ஏப்ரலில் புது கேமராவுக்குத் தவணை போட்டுவிடாதீர்கள்.

டாலர் பக்கம்தான் நான் நிறைய இழந்து கற்றுக்கொண்டது. முதலில் செக். பல கம்பெனிகளின் லிங்க்கையும் கமிஷனையும் ஒரே இடத்தில் தரும் ஒரு அமெரிக்க நெட்வொர்க்கில் வேறு வழி தெரியாமல் செக் என்று தேர்வு செய்துவிட்டேன். 100 டாலர் சேரும் வரை காத்திருந்து, அப்புறம் தபாலில் வரும் வரை காத்திருந்து, வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்தால் வெளிநாட்டுச் செக்கைப் பார்த்ததும் அங்கே இருந்த சார் "தம்பி, இதெல்லாம் இப்போ நாங்க எடுக்கிறதே இல்ல" என்றார். வேறொரு வங்கியில் செக்கை அமெரிக்காவுக்கே அனுப்பிப் பணம் வாங்கும் கலெக்‌ஷனுக்கு அனுப்பினார்கள், ஏழு வாரம் கழித்து வங்கிக் கட்டணம், தபால் செலவு எல்லாம் கழித்து வந்தது பாதிக்குக் கொஞ்சம் மேல். அமேசானின் அமெரிக்கத் தளத்திலும் செக் கேட்டால் ஒரு செக்குக்கு 15 டாலர் கட்டணம், அதுவும் 100 டாலர் சேர்ந்த பிறகுதான். வங்கிக்கு நேரடியாக என்றால் 10 டாலரிலேயே கிடைக்கும். செக் என்ற வார்த்தை எந்தத் திரையில் வந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

இணையம் வழியாகப் பணம் வாங்கும் பேபால் சேவை வசதியானது, அதில் சந்தேகம் இல்லை. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கொடுத்தால் போதும், பெரும்பாலான நெட்வொர்க்குகளில் இருக்கிறது. இந்தியாவில் இருப்பவர்கள் தங்களுக்குள் பணம் அனுப்பும் சேவையை 2021 ஏப்ரல் 1-இல் நிறுத்திவிட்டார்கள், வெளிநாட்டுப் பணம் வாங்குவது தொடர்கிறது. கட்டணம் 4.4 சதவீதமும் அதோடு 30 சென்டும். 100 டாலர் வந்தால் 4 டாலர் 70 சென்ட் அங்கேயே போய்விடும். மீதியை ரூபாயாக மாற்றும்போது சந்தை விகிதத்தைவிடக் குறைவாக ஒரு விகிதம் போடுவார்கள், இந்தக் கழிவைத் தனியாக எழுதிக் காட்ட மாட்டார்கள், வந்த ரூபாயை அன்றைய விலையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். சில நெட்வொர்க்குகள் மொத்தமாக அனுப்பும்போது அந்தக் கட்டணத்தை அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள், அப்படி இருந்தால் நல்லது, சேரும் முன் கேட்டுவிடுங்கள்.

பேயோனியர் என்ற பணச் சேவை வேறு மாதிரி. நம் பேரில் அமெரிக்க வங்கிக் கணக்கு எண் போல ஒன்று தருகிறார்கள், நெட்வொர்க் அதற்கு உள்ளூர்ப் பணம் போல அனுப்பும், பிறகு நம் ஊர் வங்கிக்கு வரும். எனக்கு மொத்தத்தில் 2 சதவீதம் அளவுக்குப் போகிறது. ஆனால் வரவு குறைவாக இருக்கும் வருடத்தில் 29.95 டாலர் ஆண்டுக் கட்டணம் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 டாலருக்குப் பேபாலில் 4.70, இதில் 2, வித்தியாசம் 2.70. அந்த 29.95-ஐ ஈடுகட்ட வருடத்துக்குச் சுமார் 1100 டாலர் வர வேண்டும், பேபாலின் மாற்று விகிதக் கழிவையும் சேர்த்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவாக வந்தாலே போதும். மாதம் 30, 40 டாலர் வருகிறவருக்குப் பேபாலே நல்லது. 100 டாலருக்கு மேல் மாதாமாதம் வந்தால் மாறிவிடுங்கள், நான் மாறினேன், வருத்தம் இல்லை. டாலரைச் சேர்த்து வைத்து விலை ஏறும்போது மாற்றலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம், இரண்டிலுமே பணம் தானாக நம் வங்கிக்கு வந்துவிடும்.

வெளிநாட்டு வங்கியில் இருந்து நம் வங்கிக்கு நேராக அனுப்பும் வயர் டிரான்ஸ்ஃபர் என்பது பெரிய தொகைக்கு. நடுவில் இருக்கும் வங்கியும் ஒரு பங்கு எடுக்கும், நம் வங்கியும் எடுக்கும், மாற்றுவதற்கான ஜிஎஸ்டியே குறைந்தது 45 ரூபாய். எதற்காக வந்த பணம் என்று பர்பஸ் கோடு கேட்பார்கள், விளம்பர வேலைக்கு பி1007. வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றையும் ஒவ்வொரு முறையும் வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், வரி தாக்கல் செய்யும்போது தேவைப்படும்.

இப்போது முக்கியமான விஷயம், பெயர். தமிழ்நாட்டில் நமக்கு இனிஷியல் இருக்கிறது, அமெரிக்காக்காரனுக்கு அது புரியாது. என் வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியலோடு பெயர், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாகக் கடைசிப் பெயர் போல, ஆதாரில் இனிஷியல் பின்னால். ஒரு பணச் சேவையில் வங்கிக் கணக்கைச் சேர்க்கப் போனபோது பெயர் பொருந்தவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள், மூன்று மாத கமிஷன் அப்படியே நின்றது. பாஸ்புக் நகல் அனுப்பினேன், பான் நகல் அனுப்பினேன், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பதில்தான். கடைசியில் வங்கியில் பெயரைப் பான் கார்டில் இருப்பது போலவே மாற்றி, அதற்கான கடிதம் வாங்கி அனுப்பிய பிறகுதான் திறந்தது. அதற்காக நாகர்கோவிலுக்கு இரண்டு தடவை பஸ் ஏறினேன், இரண்டு நாள் வேலை போனது. அப்பா கணக்கு இருக்கிறதே, அதைக் கொடுத்துவிடலாம் என்றும் யோசித்தேன், செய்யவில்லை, செய்யவும் கூடாது, கமிஷன் யார் பெயரில் வருகிறதோ அவர் கணக்குத்தான் வேண்டும். சித்தி மகன் ஒருத்தனுக்கு வேறு பிரச்சினை, அவன் வங்கி இன்னொன்றோடு இணைந்த பிறகும் பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணையே வைத்திருந்தான், பணம் திரும்பிப் போய்விட்டது.

டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே வரிக்காகப் பிடித்துக்கொள்வது, பற்றியும் கேட்பார்கள். இந்தியக் கம்பெனிகள் தரும் கமிஷனுக்கு 2024 அக்டோபர் 1 முதல் பிடித்தம் 5-இல் இருந்து 2 சதவீதமாக இறங்கியது, 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 20,000 ரூபாய் தாண்டினால்தான் பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும். பிடித்தது வருமான வரித் தளத்தில் நம் கணக்கில் தெரியும், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்றால் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், நான் இரண்டு வருடம் வாங்கியிருக்கிறேன். அமெரிக்க நெட்வொர்க்குகள் டபிள்யூ-8பென் என்று, நாம் அமெரிக்கர் இல்லை என்று அவர்கள் வரிக்காகச் சொல்லும் ஒரு படிவம் கேட்கும், வேலை இந்தியாவில் நடக்கிறது என்று சரியாக நிரப்பினால் போதும்.

இப்போது ஹெட்லைட், மழைக்கோட்டு எல்லாம் நேராக வங்கிக்கு, ஹோஸ்டிங் கமிஷன் பேயோனியர் வழியாக, அதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, ஏடிஎம் கார்டுகூட வாங்கவில்லை. மார்த்தாண்டத்தில் இருக்கும் அக்காவும் தேன், நேந்திரங்காய்ச் சிப்ஸ் பற்றி வீடியோ போடப் போகிறாள். அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்புக்கில் அத்தான் பெயர், பான் கார்டில் அப்பா பெயர். திருத்த விண்ணப்பம் போன வாரம் போட்டோம். கார்டு வந்த பிறகு முதல் லிங்க் போடுவோம் என்று சொல்லியிருக்கிறேன், அவளுக்கு அவசரம்தான், ஆனாலும் காத்திருக்கிறாள்.