எஃப் கார்டு: முழு பார், மேஜர் 7, சின்ன எஃப், கேப்போ - எதில் தொடங்கலாம்?

கிட்டார் பழகுபவர்கள் இ மைனர், ஜி, சி, டி கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) வரை எப்படியோ வந்துவிடுகிறார்கள். எஃப் வந்ததும் கை நின்றுவிடுகிறது. பாட்டுப் புத்தகத்தில் போட்டிருப்பது ஒரே விரலைக் குறுக்கே படுக்க வைத்து ஆறு கம்பியையும் பிடிக்கும் பார் கார்டு. அது ஒலிக்கவில்லை என்றதும் பலர் கிட்டாரையே உறைக்குள் வைத்துவிடுகிறார்கள். எஃப், ஏ, சி மூன்று சுரங்களும் ஒலித்தால் அது எஃப் மேஜர், அவ்வளவுதான். எத்தனை கம்பியில், எந்த விரல்களால் என்பது நம் வசதி. (1ஆம் கம்பி மெல்லியது, 6ஆம் கம்பி தடித்தது என்ற வழக்கமான எண்ணிக்கையே இங்கும். ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு; அதற்கு முன்னுள்ள கட்டத்தையும் அப்படியே சொல்வோம்.)

முதலில் முழு பார். ஆள்காட்டி விரல் 1ஆம் ஃபிரெட்டில் ஆறு கம்பிக்கும் குறுக்கே. நடுவிரல் 3ஆம் கம்பி 2ஆம் ஃபிரெட், மோதிர விரல் 5ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட், சுண்டுவிரல் 4ஆம் கம்பி 3ஆம் ஃபிரெட். உண்மையில் இது இ மேஜர் பிடியை ஒரு ஃபிரெட் தள்ளி வைத்ததுதான். நட் (கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) செய்த வேலையை ஆள்காட்டி விரல் செய்கிறது. கவனித்தால் அந்த விரல் அழுத்த வேண்டியவை 6, 2, 1 ஆகிய மூன்று கம்பிகள் மட்டுமே. நடுவில் உள்ள மூன்றையும் மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. இது தெரியாமல் விரல் முழுவதும் ஒரே அழுத்தமாக அழுத்தித்தான் கட்டைவிரல் அடிப்பகுதி வலிக்கிறது. விரலின் சதைப்பக்கத்தை வைக்காமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டி எலும்போரத்தை வையுங்கள். மூட்டு மடிப்பில் ஏதாவது கம்பி விழுந்தால் அது செத்த ஒலி தரும். விரலை ஒரு நூல் மேலோ கீழோ நகர்த்தினால் போதும். அழுத்தம் கட்டைவிரலின் இறுக்கத்திலிருந்து மட்டும் வரக்கூடாது. கிட்டார் உடலை வலது முன்கையால் அணைத்து, இடது கையைச் சற்றே பின்னோக்கி இழுத்தால் பாதி பலம் அங்கிருந்தே வந்துவிடும்.

இத்தனை செய்தும் 1ஆம் ஃபிரெட் கடினம்தான். நட் ஒட்டி இருப்பதால் கம்பி அங்கே எளிதில் வளையாது. ஃபிரெட் அகலமும் ஒரு காரணம்: சாதாரண 648 மி.மீ. அளவு கிட்டாரில் 1ஆம் ஃபிரெட் இடைவெளி சுமார் 36 மி.மீ., 5ஆவது சுமார் 29 மி.மீ. ஆகவே இதே பிடியை முதலில் 5ஆம் ஃபிரெட்டில் பழகுங்கள். அங்கே அது ஏ மேஜர். சுத்தமாக ஒலித்ததும் 4, 3 என்று இறங்கி வாருங்கள். 5இல் நன்றாக ஒலித்து 1இல் மட்டும் செத்தால் குறை கிட்டாரில் இருக்கலாம். கம்பியை 2ஆம், 3ஆம் ஃபிரெட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, 1ஆம் ஃபிரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. பளிச்சென்று இடைவெளி தெரிந்தால் நட் பள்ளம் உயரம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து இறக்குங்கள். 12 செட் கம்பி (முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன்) போட்டிருந்தால் அதைவிட மெல்லிய 11 அல்லது 10க்கு மாறுவதும் உதவும்.

எஃப் மேஜர் 7க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 4ஆம் கம்பி 3, 3ஆம் கம்பி 2, 2ஆம் கம்பி 1. முதல் கம்பி சும்மா ஒலிக்கும், 5, 6 வேண்டாம். அன்றைக்கே வந்துவிடும். ஆனால் திறந்த முதல் கம்பி இ சுரம். பாடுபவர் எஃப் சுரத்தில் நிற்கும்போது அரைச்சுர இடைவெளியில் அது உரசும். மெல்லிய பாட்டுக்கு அழகு, அழுத்தமான எஃப் தேவைப்படும் இடத்தில் சொதப்பல். இன்னொரு குறையை யாரும் சொல்வதில்லை: மோதிர விரலை 4ஆம் கம்பியில் வைத்துப் பழகினால், பிற்பாடு முழு பாருக்குப் போகும்போது அந்தப் பழக்கத்தை அழித்துத் திருத்த வேண்டும்.

அதனால் எங்கள் ஓட்டு சின்ன எஃப்புக்கு, அதுவும் ஐந்து கம்பி வடிவத்துக்கு. மோதிர விரல் 5ஆம் கம்பி 3, சுண்டுவிரல் 4ஆம் கம்பி 3, நடுவிரல் 3ஆம் கம்பி 2, ஆள்காட்டி 1ஆம் ஃபிரெட்டில் முதல் இரண்டு கம்பிகள் மட்டும். மேலே சொன்ன முழு பாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: மூன்று விரல்கள் அதே இடம். ஆள்காட்டி நீண்டு 6ஆம் கம்பியை எட்ட வேண்டியது மட்டுமே பாக்கி. சியிலிருந்து வருவதும் சுலபம். மோதிர விரல் அசையாது, நடுவிரல் 4ஆம் கம்பியிலிருந்து 3ஆம் கம்பிக்குத் தாவும், சுண்டுவிரல் இறங்கும், ஆள்காட்டி படுக்கும். அது படுக்க மறுத்தால் முதல் கம்பியைச் சும்மா விடுங்கள். அதுவே மேஜர் 7, இம்முறை சரியான விரல்களோடு.

இதில் முதல் கம்பி சாகிறதென்றால் பெரும்பாலும் ஆள்காட்டியின் நுனி மூட்டு வளைந்து நிற்கிறது என்று பொருள்; அதை உள்வாங்க விடுங்கள். அடியில் ஒலிப்பது சி சுரம் என்பதால் தனியாக வாசிக்கையில் முழு பாரின் கனம் வராது. 6ஆம் கம்பி தப்பித்தவறி ஒலிக்காமல் மோதிர விரல் நுனியால் லேசாகத் தொட்டு அடக்கி வையுங்கள்.

கட்டைவிரலை மேலிருந்து வளைத்து 6ஆம் கம்பியைப் பிடிப்பவர்களும் உண்டு. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அப்படித்தான். நட் அகலம் 43 மி.மீ. உள்ள கிட்டாரில் பெரிய கைக்கு வரும். 52 மி.மீ. உள்ள நைலான் கம்பி கிட்டாரில் ஆசைப்பட வேண்டாம்.

கேப்போ, அதாவது கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃபிரெட்டில் அழுத்தும் கவ்வி, எஃப்பைக் கற்றுத் தராது, தவிர்க்க வைக்கும். சி ஸ்கேல் பாட்டுக்கு அருமை: 5ஆம் ஃபிரெட்டில் போட்டால் சி, எஃப், ஜி, ஏ மைனர் நான்கும் ஜி, சி, டி, இ மைனர் பிடிகளாகிவிடும். ஒலி மட்டும் கொஞ்சம் மெலியும். ஆனால் பாடுபவர் நாலு கட்டை, அதாவது எஃப், கேட்டால் கதை வேறு. 5இல் போட்டு சி பிடிகளை வாசித்தால், எஃப் ஸ்கேலில் வரும் பி ஃபிளாட்டுக்காக அதே எஃப் பிடி திரும்ப வந்து நிற்கும். 3இல் போட்டு டி பிடிகளை வாசித்தால் எஃப் தப்பும், ஆனால் டி மைனர் ஒலிக்க பி மைனர் பிடி வேண்டியிருக்கும், அதுவும் பார்தான். எங்கே போட்டாலும் கேப்போவை ஃபிரெட்டை ஒட்டிப் பின்னால் வைத்து, சுருதி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழகும்போது மெட்ரோனோமை (சீராகத் தட்டும் தாளக்கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். சி நான்கு தட்டு, சின்ன எஃப் நான்கு தட்டு. மாறும் நேரம் போதவில்லையென்றால் நான்காம் தட்டை விட்டுவிட்டு அந்த இடைவெளியில் விரலை மாற்றுங்கள். ஸ்ட்ரம்மிங் கை மட்டும் காற்றிலாவது ஆடிக்கொண்டே இருக்கட்டும். அது நின்றால் தாளம் போய்விடும்.